நிற்க வைத்தால் ஏணி, படுக்க வைத்தால் தண்டவாளம்

செய்தி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் பேஸ்டில். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அம்மா உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். எதிர்வீட்டு டெலிபோனில் பேசிவிட்டு வந்தவள் கிணற்றடியில் என்னைப் பார்த்தபடி நின்றாள். "ஏலே, மாமா போயிட்டாகலே," என்றாள். என் வாய் முழுக்க நுரை. துப்பவும் தோன்றவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அம்மா என் கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவிலும், "இன்னைக்குன்னு பாத்து உனக்கு இந்தக் கருமந்தான் கெடச்சுதா?" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம். நான் வாயை மூடிக்கொண்டு போன முதல் பஸ் பயணம் அதுவாகத்தான் இருக்கும்.

போனவர் யாரென்று வியாபாரிகள் சங்க மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் கடை போட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ஏணி மார்க் பல்பொடி சங்கரலிங்கம். கடைவீதிக்கு அவர் 'ஏணி அண்ணாச்சி'. எனக்குத் தாய்மாமா. மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லிச் சங்கச் செயலாளர் என்னிடம் வந்தபோது, "பெரியவங்ககிட்ட குடுத்தா அன்னார் பிறந்தார், வளர்ந்தார், மறைந்தார்னு எழுதிக் குடுப்பாக. நீ எழுது. ஆனா சேட்டை வேண்டாம்," என்றார். முதல் பாதிக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன்.

மாமா பொடி வைத்துப் பேசமாட்டார். பொடி வைத்து விற்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் மில் வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்கட்டில் ரோஸ் நிறப் பல்பொடி அரைக்க ஆரம்பித்தார். கிராம்பு, கற்பூரம், இன்னும் என்னென்னவோ. லேபிள் அடிக்கச் சிவகாசிக்குப் போனவர் சிங்கப் படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிரஸ்காரர், "சிங்கத்த ஏற்கெனவே ஊர்ல பாதிப்பேரு கட்டி வச்சிருக்கான் அண்ணாச்சி. புலியும் அப்பிடித்தான்," என்று சொல்லி, மூலையில் கிடந்த ஒரு ஏணிப் படத்தின் அச்சுப் பிளாக்கை எடுத்துக் காட்டினார். யாரோ ஒரு சுண்ணாம்புக் கம்பெனிக்காரர் செய்யச் சொல்லிவிட்டு, திரும்பி வரவே இல்லையாம். "இது சும்மாதான் கெடக்கு. புது பிளாக் செய்யுற செலவு மிச்சம்." மாமா சரி என்றுவிட்டார். இப்படித்தான் பல்பொடிக்கு ஏணி வந்தது. இதற்கு மேல் அதில் தத்துவம் எதுவும் இல்லை.

"பல்லுக்கும் ஏணிக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்.

"உனக்கும் படிப்புக்கும் உள்ள சம்பந்தந்தான் மாப்ளே," என்றார்.

எங்களுக்குள் இப்படித்தான் ஓடும். ஒரு ஆயுத பூஜைக்கு, வெள்ளையடிக்கிற ஆளிடம் ஏணியை இரவல் வாங்கி, மாமாவின் நாற்காலியில் சாய்த்து வைத்து, சந்தனம் குங்குமம் பூசி மாலை போட்டு, 'முதலாளி' என்று எழுதிய அட்டையையும் தொங்கவிட்டேன். பொட்டலம் போடும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாமா வந்தார், பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. சூடம் ஏற்றி முதலில் ஏணிக்குக் காட்டினார். பிறகு கீழே உட்கார்ந்துகொண்டு, "மொதலாளி நாக்காலியில இருக்கப்ப நம்ம எப்பிடி உக்கார?" என்றார். அன்று முழுக்க அந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. ஏணியின் சொந்தக்காரன்தான் வெட்கப்பட்டுக்கொண்டு சாயங்காலம் வந்து தூக்கிப் போனான். இப்போது யோசித்தால் அது கேலியாகத் தெரியவில்லை. அந்த வியாபாரத்தில் உண்மையான முதலாளி அந்தப் படம்தான். அதை முதலில் புரிந்துகொண்டவரும் அவர்தான்.

அந்த முதலாளிக்கு வந்த ஆபத்தைக் கூமாப்பட்டியில் பார்த்தோம். மூன்று வருஷம் இருக்கும். நான் பள்ளி விடுமுறையில் இருந்தேன். ஆர்டர் எடுக்கப் போன மாமாவோடு வேடிக்கை பார்க்கப் போனேன். காதர் பாய் கடையில் நிற்கும்போது ஒரு ஆச்சி வந்து, "ஏணிப்பொடி குடு பாய். போன தடவ குடுத்தது ஒரே கரகரப்பு. ஈறு புண்ணாப் போச்சு," என்றாள். மாமாவுக்குச் சுருக்கென்றது. தன் பொடியில் கரகரப்பு என்றால், தன்னைக் களவாணி என்று சொன்னதைவிட அவருக்கு வலிக்கும். மேலே சரமாகத் தொங்கிய பொட்டலங்களில் ஒன்றைக் காதர் பாய் கிழித்துக் கொடுத்தார். அதே ரோஸ் காகிதம், அதே கட்டம், அதே இடத்தில் அதே ஏணி.

மாமா அதை வாங்கிப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனார். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினார்.

"மாப்ளே," என்றார். "இது ஏணி இல்ல. ரயிலு."

உண்மைதான். கீழே பொடி எழுத்தில் 'தண்டவாளம் மார்க்' என்று இருந்தது. இரண்டு கம்பி, நடுவே கட்டைகள். படுக்க வைத்தால் தண்டவாளம். நிற்க வைத்தால் ஏணி. ஒரு ஓரத்தில் என்ஜின் புகை என்று சொல்லிக்கொள்ளச் சின்னதாக ஒரு மேகம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இப்படியொரு கிறுக்குத்தனம் எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைகூட வந்தது. மாமா சிரிக்கவில்லை. அந்த ஆச்சியைப் பார்த்து, "ஆச்சி, அது எம் பொடி இல்ல," என்றார்.

"ஏணி போட்டிருக்கே, பொறவு யாரு பொடி?" என்று கேட்டுவிட்டு அவள் பொட்டலத்தோடு போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "பேரு நம்ம பொட்டலத்துல இல்ல மாப்ளே. வாங்குதவுக வாயில இருக்கு. அந்த ஆச்சி இனிமே ஊர்பூரா சொல்லுவா, ஏணிப்பொடி ஈறப் புண்ணாக்கும்னு. நான் எம்புட்டு நல்லா அரைச்சு என்ன செய்ய?"

தண்டவாளம் யாருடையது என்று கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தங்கப்பாண்டி. மாமாவிடம் லைன் சேல்ஸ்மேனாக இருந்து, வத்திராயிருப்புப் பக்கம் சைக்கிளில் பெட்டி கட்டிப் போனவர். தனியாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று விலகியபோது மாமாவே வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பினார். அவர் பொடி அரைத்ததில் மாமாவுக்குக் கோபமே இல்லை. "பொடிய யாரு வேணாலும் அரைக்கலாம். கிராம்பு என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா? படத்த மட்டும் ஏன் எடுக்கணும்?" என்பதுதான் அவர் கேள்வி.

அதைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். உங்களில் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள். தங்கப்பாண்டி எழுந்து, "ஏணிங்கது ஊர்ப்பொருளு. வீட்டுக்கு வீடு பரண்ல கெடக்கு. அத ஒருத்தரு தன்னுதுன்னு சொல்லலாமா? அதுபோக என்னுது ஏணியே இல்ல. நான் ஸ்டேசன் பக்கத்துல குடியிருக்கேன், ரயிலு போட்டேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "அண்ணாச்சி, நீரு மேல போகணும்னு போட்டீரு, அவன் தூரமாப் போகணும்னு போட்டான்," என்றார். டீ வந்தது. கூட்டம் கலைந்தது. அந்த டீயை மாமா குடிக்கவில்லை. அவருடைய வண்டவாளம் ஒன்றும் இல்லாமலே அவரைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று நான் சொன்னபோதுகூட அவர் என்னைத் திட்டவில்லை. அதில்தான் நான் பயந்தேன்.

அம்மாதான் ரெஜினா வக்கீலிடம் கூட்டிப்போனாள். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஆபீஸ். மாமா ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தார். நகராட்சி லைசென்ஸ், விற்பனை வரிக் காகிதம், எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார்.

"அண்ணாச்சி, இது நீங்க தொழில் நடத்தலாம்னு சொல்ற காகிதம். அது நீங்க வரி கட்டுறீங்கன்னு சொல்ற காகிதம். ஏணி உங்களுதுன்னு சொல்ற காகிதம் எங்க?" என்றார் வக்கீல்.

மாமா இதற்காகவே காத்திருந்தவர்போல ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். ஏணிக்குக் கீழே விரலை வைத்தார். "இந்தா போட்டிருக்குல்லம்மா. ரிஜிஸ்டர்டு டிரேட் மார்க்."

"எங்க ரிஜிஸ்டர் பண்ணீங்க?"

"சிவகாசியில."

"சிவகாசியில எங்க?"

"பிரஸ்ல. அவரே போட்டுக் குடுத்தாரு. நான் கேக்கக்கூட இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். வக்கீல் சிரிக்கவில்லை. "உங்கள மட்டும் சொல்லல. இந்தப் பக்கம் பாதிப்பேரு இப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க," என்றார். பிரஸ்காரர் அந்த வரியைப் பிள்ளையார் சுழிபோல எல்லா லேபிளிலும் போட்டுவிடுகிறார். போட்டவர் பதிந்ததாக நினைக்கிறார், வாங்கியவரும் அப்படியே நினைக்கிறார். ஆனால் பதிவதற்கென்று சர்க்கார் ஆபீஸ் இருக்கிறது, மெட்ராஸில். அங்கே மனு போட வேண்டும். அவர்கள் பரிசீலித்து, கெஜட் மாதிரி ஒன்றில் வெளியிட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பார்த்து, அதன்பிறகுதான் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் வந்த பிறகுதான் அந்த வார்த்தையைப் போடலாம். வருமுன் போடுவது குற்றம். இவ்வளவையும் அவர் நிதானமாகச் சொன்னார்.

மாமாவின் விரல் இன்னும் அந்த வரிமேலேயே இருந்தது. மெதுவாக எடுத்தார். "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?"

"இருக்கு அண்ணாச்சி. பதியாட்டாலும், ஒரு மார்க்கை முதல்ல இருந்து தொடர்ந்து வச்சு யாவாரம் பண்ணுனவருக்குச் சட்டம் ஒரு எடம் வச்சிருக்கு. உங்க சரக்குன்னு நெனைச்சு ஜனங்க அவர் சரக்க வாங்குறாங்கன்னு காட்டுனா, அத நிறுத்தச் சொல்லிக் கேக்கலாம். இன்னொண்ணு. ஏணிக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்ல பாருங்க, அதுதான் உங்க பலம். வெள்ளைப் பல்பொடின்னு வச்சிருந்தீங்கன்னா, அது எல்லாரும் சொல்ற வார்த்தை. ராஜபாளையம் பல்பொடின்னு ஊர்ப்பேர வச்சிருந்தாலும் கஷ்டம். இப்படிக் கிறுக்குத்தனமா ஒரு பேரு வச்சீங்களே, இத உங்களுதுன்னு சொல்றது சுலபம்."

மாமா என் பக்கம் திரும்பினார். "கேட்டியா மாப்ளே? கிறுக்குத்தனத்துக்கும் சட்டத்துல எடம் இருக்காம். உனக்கும் ஒரு வழி இருக்கு."

அதுவரை எல்லாம் நல்லபடியாக இருந்தது. பிறகுதான் வக்கீல் சொன்னார், வழக்கென்று போனால் எதிர்க்கட்சி வக்கீல் முதலில் தூக்கிக் காட்டப்போவது இந்தப் பொய் வரியைத்தான் என்று. மெட்ராஸுக்கு மனு போடுவதைப் பற்றியும், ஏணிப் படத்தின் உரிமையைப் பிரஸ்காரரிடம் எழுதி வாங்குவதைப் பற்றியும் பேசிவிட்டுக் கிளம்பினோம். மாமா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார்.

மறுநாள் காலையில் பொட்டலம் போடும் பெண்களிடம், "கடையில நிக்குற சரக்கெல்லாம் திரும்ப எடுக்கப் போறோம். அந்த வரிமேல கறுப்பு மை அடிச்சுத்தான் வெளிய போகணும்," என்றார். அத்தைக்கு வந்ததே கோபம். "ஊருக்கே தெரியாத தப்ப நீங்களே மை அடிச்சுக் காட்டணுமா? தண்டவாளத்துக்காரன் பாத்தா சும்மா இருப்பானா? புதுசா அடிக்கிற லேபிள்ல எடுத்துட்டாப் போதாதா?"

மாமா சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது. "நான் என்ன சொல்லிக்கிட்டுத் திரியுதேன்? அவன் இல்லாதத இருக்குன்னு காட்டி விக்கான்னு. இந்த வரிய வச்சுக்கிட்டு நானும் அதத்தானே செய்யுதேன்?" அத்தை அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களிடம் பேசினாள். அன்று பாத்திரங்கள் பதிலும் சொல்லின.

கறுப்புப் பட்டை விழுகிற மாதிரி ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வந்தோம். என் பங்குக்கு, பட்டைக்குப் பதில் 'சும்மா சொன்னோம்' என்று போடலாமே என்றேன். பெண்கள் சிரித்ததில் ஒரு டப்பா மை கொட்டியது. பல நாள் எல்லோர் விரலும் கறுப்பாகவே இருந்தது.

அத்தை சொன்னதுதான் நடந்தது. தங்கப்பாண்டியின் ஆட்கள் கான்சாபுரம், சுந்தரபாண்டியம் என்று கடை கடையாகப் போய், "ஏணிக்கு ரிஜிஸ்டர் போயிருச்சு. கவர்மென்ட்டே கோடு போட்டுருச்சு. நம்மதுல பாரும், பளிச்சுன்னு இருக்கு," என்றார்கள். அவர்கள் பொட்டலத்திலும் அதே வரி, அதே பிரஸ். பதியாத வார்த்தையைக் காட்டிக்கொண்டிருந்தவருக்கு வியாபாரம் ஏறியது. அதை மறைத்தவருக்குச் சரிந்தது. கடைக்காரர்கள் மாமாவிடம் துக்கம் விசாரித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லாமல் பெண்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் பின்கட்டில் கற்பூர வாசனைகூடக் குறைந்துவிட்டது. மாமா மில்லுக்கே திரும்பப் போகலாமா என்று அத்தையிடம் ஒருநாள் கேட்டிருக்கிறார். அவள் பின்னால் அம்மாவிடம் சொல்லி அழுததில்தான் எங்களுக்குத் தெரியும்.

தங்கப்பாண்டியின் போர்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "அதச் செஞ்சா ஏணி அவனுக்கே ஆயிரும்ல, மடையா," என்றார் மாமா. ரெஜினா வக்கீல், வழக்குக்குச் சாட்சி சேர்க்க, அதைவிட நல்ல வேலை கொடுத்தார். கடைகளுக்குப் போய் 'ஏணி பல்பொடி' என்று கேட்க வேண்டும். என்ன தருகிறார்களோ வாங்கிக்கொண்டு பில் கேட்க வேண்டும். வேறொன்றும் பேசக்கூடாது. கடைசி நிபந்தனைதான் கஷ்டம். ஆனாலும் செய்தேன். ஓரிடத்தில் ஊமையாக நடித்து, கையால் ஏணி ஏறிக் காட்டினேன். கடைக்காரர் மாடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். இன்னோரிடத்தில், "தம்பி, நெசமான ஏணி வேணுமா, ரயிலு ஏணி வேணுமா?" என்று கேட்டார்கள். பெரும்பாலான கடைகளில் ஏணி கேட்ட எனக்குத் தண்டவாளம்தான் வந்தது. பில்லில் 'ஏணி' என்றே எழுதிக் கொடுத்தார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கே அது ஏணியாகத்தான் தெரிந்தது.

கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் எடுத்த எடுப்பிலேயே மாமாவின் பழைய பொட்டலம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மை அடிக்காதது. எங்கே பிடித்தாரோ. "பதியாமலே பதிந்ததாகப் போட்டு மக்களை ஏமாற்றியவர், அடுத்தவரைக் குறை சொல்ல வந்திருக்கிறார்," என்றார். நானும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் கையை இறுகப் பிடித்தாள்.

நீதிபதி மாமாவைப் பார்த்து, "இது உங்களுடையதா?" என்றார்.

"ஆமாங்கய்யா. தெரியாமப் போட்டேன். தெரிஞ்ச அன்னைக்கே எடுத்துட்டேன். கடையில நின்னதையும் வாங்கிக் கோடு போட்டேன். அதுலதான் யாவாரம் போச்சு," என்றார் மாமா. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ரெஜினா வக்கீல் எழுந்து, கறுப்புப் பட்டை போட்ட பொட்டலங்களையும், வழக்குப் போடுவதற்கு வெகுகாலம் முன்பே அவற்றைத் திரும்ப எடுத்ததற்கான கடைக்காரர்களின் கையெழுத்துகளையும் கொடுத்தார். பிறகு தங்கப்பாண்டியின் பொட்டலத்தைக் கொடுத்தார். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதன் அடிவரியைப் படித்தார். "நீங்கள் எங்கே பதிந்தீர்கள்?" என்று கேட்டார். தங்கப்பாண்டி தன் வக்கீலைப் பார்த்தார். அவர் வக்கீல் காகிதத்தைப் பார்த்தார். சிவகாசி என்று நான் முணுமுணுத்தேன். அம்மா கிள்ளியது இன்னும் தடமாக இருக்கிறது.

கடைசி ஆயுதமாக எதிர்க்கட்சி வக்கீல் பொட்டலத்தை மேஜையில் பக்கவாட்டில் படுக்க வைத்தார். "பாருங்கள், தெளிவாகத் தண்டவாளம்." ரெஜினா வக்கீல் காதர் பாய் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த முழுச் சரத்தையும் எடுத்து, கடையில் தொங்குவதுபோல உயர்த்திப் பிடித்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக அத்தனை தண்டவாளமும் ஒரே நீள ஏணியாக இறங்கியது. "வாங்குகிறவர்கள் இதை இப்படித்தான் பார்க்கிறார்கள், ஐயா," என்றார். வழக்கு முடியும்வரை அந்தப் படத்தோடு விற்கக்கூடாது என்று தடை கிடைத்தது. தங்கப்பாண்டி அதற்குமேல் வழக்கை நடத்தவில்லை.

அன்று கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவர் தனியாக நின்றார். மாமா நேராக அவரிடம் போனார். நான் சண்டையை எதிர்பார்த்து வேகமாகப் பின்னால் போனேன்.

"ஏலே தங்கப்பாண்டி, கிராம்பு ஒழுங்காப் போடுதியா? கரகரங்குதுன்னு சொல்லுதாக."

"விலை ஏறிப்போச்சு அண்ணாச்சி."

"ஏறுனா ஏறட்டும். நல்லாப் போடு. படத்த மட்டும் மாத்து."

"என்னத்தப் போட?"

"சம்பந்தமில்லாததாப் பாத்துப் போடு. சட்டத்துல அதுக்குத்தான் மதிப்பாம்."

அவர் குடை போட்டார். குடை மார்க் இன்று நன்றாகவே போகிறது. முறைப்படி மனுவும் போட்டிருக்கிறார். மாமாவைத் தூக்கிப் போனபோது முன்பக்கத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

மாமாவின் மனு மெட்ராஸில் இன்னும் வரிசையில்தான் நிற்கிறது. சான்றிதழ் வருமுன் அவர் போய்விட்டார். கடைசிவரை பொட்டலத்தில் 'டிரேட் மார்க்' என்று மட்டும்தான் இருந்தது. யாராவது, "எம் மகன் என் பேச்ச தட்டமாட்டான்," என்று பெருமை பேசினால், "எங்க ரிஜிஸ்டர் பண்ணீரு?" என்று கேட்பார். கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் சங்கத்திலிருந்து இரண்டு பேர் அத்தையிடம் வந்தார்கள். "இனிமே பொட்டலத்துல அண்ணாச்சி படத்தப் போட்டுருவோம் அத்தாச்சி. எல்லாரும் மொதலாளி படம் போடுதாகல்ல. சனங்க மறக்க மாட்டாக," என்றார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ரெஜினா வக்கீலும் அங்கே இருந்தார். மார்க்கும் சொத்துதான், வாரிசுக்கு வரும், மனுவை அத்தை பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அதற்குச் சற்று முன்தான் சொல்லியிருந்தார். மனுப் போட்டது ஏணிக்கு மட்டும். இந்தச் சமயத்தில் லேபிளை மாற்றிக் குழப்ப வேண்டாமே என்று தயங்கிச் சொன்னார்.

அத்தை அவ்வளவு நேரம் தயங்கவில்லை. "வேண்டாம். அவுக எந்தப் படத்துக்காக அம்புட்டுப் பாடுபட்டாகளோ அதுவே இருக்கட்டும். அதுல ஆள ஏத்த வேண்டாம்," என்றாள். பிறகு அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். "பொறவு, போட்டோவுக்கு அவுக என்னைக்கு வாயத் தொறந்தாக?"

உங்களில் பலருக்கு இது தெரியாது. மாமாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. சொத்தை இல்லை, தொழில் தொடங்கிய காலத்தில் சைக்கிளில் போகும்போது மாட்டுவண்டிக்கு ஒதுங்கப்போய் விழுந்ததில் போனவை. ஆனால் பல்பொடிக்காரன் வாயில் பல் இல்லை என்று கடைவீதிக்குத் தெரிந்தால் என்ன ஆவது? அதனால் வெளியில் சிரிப்பு வந்தால் தோள்துண்டால் வாயை மூடிக்கொள்வார். நீங்கள் அதை அடக்கம் என்று நினைத்தீர்கள். இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "வாய்விட்டுச் சிரிக்காத பண்பாளர்," என்றே பேசினார். அம்மாவும் அத்தையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டோம்.

வீட்டுக்குள் வந்ததும் துண்டு ஆணிக்குப் போய்விடும். பிறகு பாருங்கள், இரண்டு பல் போன அந்த வாயைத் திறந்து, கண்ணில் நீர் வழிய, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அவர் சிரிக்கிற சிரிப்பை. ஏணி கடை கடையாகத் தொங்கட்டும். அது அத்தையுடையது, வாங்குகிறவர்களுடையது. துண்டில்லாத அந்தச் சிரிப்பை நான் வைத்துக்கொள்கிறேன்.